போட்டோவுக்கு மட்டும் முதல் பெஞ்ச்

என் மகளை ஏமாற்றிய ஆசிரியைக்கு நான் ஏன் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

மகள் துடியலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு காதிலும் மிஷின். ஆசிரியரின் உதடு தெரிந்தால்தான் பாடம் புரியும் என்பதால், முதல் பெஞ்ச் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன மாதம் பள்ளி அலுவலகத்தில், ஆசிரியர்களுக்கான வாரச் செய்தியை ஒட்டியிருந்தார்கள். 'எல்லோருக்குமான வகுப்பறை' என்ற தலைப்பில் ஒரு போட்டோ, அதில் முதல் பெஞ்சில் என் மகள்! பூரித்துப்போய் அதைப் படம் எடுத்து, பள்ளியைப் புகழ்ந்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

அதைப் பார்த்த மகள் சிரிக்கவில்லை. "போட்டோவுக்குத்தாம்மா அங்க உட்கார வெச்சாங்க. எடுத்ததும், நீ உயரம், மத்தவங்களுக்கு மறைக்குதுன்னு கடைசி பெஞ்சுக்கே அனுப்பிட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுநாள் காலையிலேயே வகுப்பு ஆசிரியை முன் போய் நின்றேன். அவர் சிரித்தபடி, "ஏனுங்க அம்மணி, நேத்துத்தான் ஸ்டேட்டஸ்ல அத்தனை புகழ்ந்தீங்க, இன்னிக்கு என்னாச்சுங்க?" என்றார். கத்துவதற்கென்றே போனவள், "ஒண்ணுமில்லீங்க டீச்சர், பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, ரொம்ப நன்றிங்க" என்றேன். அந்த 'ங்க'வை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவள் இன்னும் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறாள். தலைமையாசிரியருக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். "வேண்டாம்மா, அப்புறம் என்னைத்தான் எல்லார் முன்னாடியும் எதாவது சொல்லுவாங்க" என்று மகள் அழுகிறாள்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? இப்படி நின்ற அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.