முதலில் கையைத் தூக்கியவர்

எலாதியோ பன்தியேயோ காப்பி கேட்பது வலது கையை உயர்த்தித்தான். மீன்காரம்மாவைக் கூப்பிடுவதும் அப்படியே. கோவிலில் பாதிரியார் ஆசி சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை மேலே போய்விடும். பதினான்கு வருடம் வேகாமார் கால்பந்து அணியின் ஒன்பதாம் எண் சட்டையில் ஆடியவர். கோல் விழுந்ததும் முதல் ஆளாகக் கை தூக்குவது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். "யாரு அடிச்சாங்கன்னு நடுவர் எங்க பார்க்குறாரு? யாரு கை மேல இருக்குன்னுதான் பார்ப்பாரு" என்பார்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கோல். அதில் நூற்றுப் பதினொன்றை ஊர் மறந்துவிட்டது. மிச்சம் ஒன்று: எண்பத்தாறாம் வருட மழையில் தலையால் முட்டி அணியை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றிவிட்ட கோல். அது எலாதியோவின் கோலே இல்லை, வலது ஓரத்தில் ஆடிய தன்னுடையது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறார் நெமேசியோ. அதைக் கேட்கும் ஒரே ஆள் அவர் மனைவி ஒபதூலியா. அந்த அம்மாளும் இப்போதெல்லாம் சலவை இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் கேட்கிறார்.

போன வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் கடையில் ஒரு வதந்தி கிளம்பியது. ஞாயிறு நடக்கும் கிளப்பின் நூற்றாண்டு ஆட்டத்தில், பந்தை முதலில் தொட்டுத் தொடங்கிவைக்கும் மரியாதை எலாதியோவுக்கு. அப்போது மைக்கைப் பிடித்து அந்தக் கோலைப் பற்றிய உண்மையைச் சொல்லப்போகிறாராம். நெமேசியோ பாதிச் சவரத்தில் எழுந்து ஓடினார் என்று சொல்வது மிகை. முக்கால் சவரம் ஆகியிருந்தது.

நேராகப் போய் நின்ற இடம் எலாதியோவின் கோழிக்கடை. எலாதியோவின் கடை என்பது ஊர்ப் பேச்சு. அடுப்பு மூட்டுவது, மசாலா தடவுவது, கம்பியில் கோத்துச் சுடுவது எல்லாம் மனைவி எத்தெல்வினா. இவர் கல்லா பக்கம் சும்மா நிற்பார். வெந்த கோழி தானாக அவர் முன்னால் வந்து சேரும். கத்தரியால் நாலு வெட்டு. "எலாதியோ கோழின்னா கோழிதான்!" என்று ஊர் சப்புக்கொட்டும். மைதானத்திலும் இதேதானே நடந்தது என்று நெமேசியோவுக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு, ஒபதூலியா வாங்க வந்தால் மட்டும் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு கூடுதலாக விழும். "முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் எலாதியோ நொண்டுறதுகூட ஒரு அழகாத்தான் இருக்கு" என்று அந்த அம்மாள் ஒருநாள் சொன்னது நெமேசியோவுக்கு இன்னும் செரிக்கவில்லை.

"என்ன நெமே, கோழி வேணுமா, கோல் வேணுமா?" என்றார் எலாதியோ. வரிசையே சிரித்தது.

"மைக்குல என்னமோ சொல்லப்போறியாமே?"

எலாதியோ கத்தரியைக் கீழே வைத்தார். நெமேசியோவைத் தோளோடு அணைத்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். "சொல்லலாம்னுதான் இருக்கேன். அந்தப் பந்து என் தலையில படலடா. முடியிலகூடப் படல."

நெமேசியோவுக்குக் கண் கரித்தது. புகைதான் என்று அவர் சொல்லிக்கொண்டார். "அப்ப என் கோல்தானே?"

"நீ என்ன, கோலுக்கா அடிச்ச? என் தலைக்கு அடிச்ச. அது என்கிட்ட வராம, வழிதவறி உள்ள போயிருச்சு. அதையும் சேர்த்துச் சொல்லவா?"

இந்தப் பகுதியை நெமேசியோ ஒபதூலியாவிடம்கூடச் சொன்னதில்லை. கம்பியில் ஒரு கோழி மூன்று சுற்றுச் சுற்றும் வரை அதையே பார்த்தார்.

"அது எதுக்கு? முதல் பாதி போதும்."

"சரி. உனக்காகப் பாதி உண்மை."

ஞாயிற்றுக்கிழமை சாரல். பழைய ஆட்டக்காரர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். நெமேசியோ கல்யாணத்துக்கு வந்தவர்போல டை கட்டியிருந்தார். ஒபதூலியாவை இரண்டாவது வரிசையில் காது நன்றாகக் கேட்கும் இடமாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார். எலாதியோ நொண்டிக்கொண்டே நடுவட்டத்துக்குப் போனார். பந்தைத் தொட்டு உருட்டினார். கிளப் தலைவர் மைக்கை நீட்டினார்.

"எண்பத்தாறுல அந்தக் கோலை அடிச்சது..."

முடிக்கவில்லை. "எலாதியோ! எலாதியோ!" என்று இரண்டாயிரம் தொண்டை எழுந்துவிட்டது. அடங்கட்டும் என்று காத்திருந்தார். வாயைத் திறந்தார். மறுபடியும் எழுந்தது. முன்வரிசையில் எத்தெல்வினா, அடுப்பில் காய்ந்துபோன இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எலாதியோ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நல்ல மழை" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரை நெமேசியோ திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லலையே நீ."

"எங்கடா சொல்லவிட்டாங்க? பாக்கி வச்சுக்கோ, நெமே."

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு?"

ஆட்டம் தொடங்கியது. சாரல் வலுத்தது. எலாதியோ பெஞ்சுக்கடியில் கிடந்த குடையை எடுத்து விரித்து, மைதானத்தைப் பார்த்தபடியே அதை முழுவதுமாக நெமேசியோவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். எலாதியோவின் புதுக் கோட்டின் கழுத்துப்பட்டைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.