கம்பம் திராட்சைப் பந்தலும் சிக்கந்தர் அண்ணன் கட்டைவிரலும்

2009 தை மாதம் நான் கம்பம் போனது ஊர் சுற்ற அல்ல. மதுரை ஆய்வகம் ஒன்றில் காகிதம்போல வளைகிற அழுத்த சென்சார் தாள் செய்வது என் வேலை. பாதத்துக்கு அடியில் வைத்தால் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று லேப்டாப்பில் நிறமாகத் தெரியும். கம்பத்தில் திராட்சை போடும் சிக்கந்தர் அண்ணனுக்குச் சர்க்கரையால் கால் மரத்து, கட்டைவிரலுக்கு அடியில் புண். ஆறும், மறுபடி வாய் திறக்கும். இந்தத் தடவையும் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். செருப்பில் எங்கே அழுத்துகிறது என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்கு பஸ். ஆண்டிபட்டி வரை காய்ந்த காடு, வீரபாண்டி தாண்டினால் பச்சை. சுமார் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

அண்ணன் செருப்பில் தாளை ஒட்டி, சின்னப் பதிவுப் பெட்டியை வாரில் கட்டி, வழக்கம்போல வேலை பார்க்க அனுப்பினேன். மதியம் பார்த்தால், தோட்டம் போகும்வரை நிறம், அப்புறம் ஒன்றுமே இல்லை. வயரைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன். அண்ணன் மனைவி ஜமீலா அக்கா சிரித்தார்.

"செருப்ப வரப்புலயே விட்டுட்டுத்தான் தம்பி இவுக உள்ள போவாக."

"சோறு போடுற மண்ணுல செருப்புக் காலோட யாருப்பா நிப்பா?" என்றார் அண்ணன்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. விரல் போகப்போகிறது, மனுஷர் மண்ணுக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறார்.

புண் கட்டுக்கு மேலே தாளை வைத்து சாக்ஸ் மாட்டி, லேப்டாப்போடு நானும் பந்தலுக்குள் போனேன். நடக்கும்போது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குலைகள் தலைக்கு மேலே, அண்ணனோ குட்டை. ஒவ்வொரு குலைக்கும் நுனிக்காலில் எம்பினார், எம்பும்போதெல்லாம் கட்டைவிரலடி திரையில் சிவந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

ஸ்டூல் போட்டோம். ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. கூட வந்திருந்த அக்கா அவரைவிட ஒரு சாண் உயரம்.

"கத்திரிய இங்கன குடுங்க. நான் வெட்டுறேன், நீங்க செருப்பப் போட்டுக்கிட்டு கூடையப் பிடிங்க."

"ஊருல சிரிப்பாக."

"சிரிக்கட்டும். விரலு போனா அழப்போறது நாந்தான்."

அண்ணன் வரப்புக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு கத்திரியைக் கொடுத்தார்.

தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் கேட்டுவிட்டு நுழையுங்கள், செருப்பை வரப்பில் விடுங்கள். சர்க்கரை இருந்தால் மட்டும் கழற்றாதீர்கள். காரணம் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சித்திரையில் அண்ணன் போன் செய்தார். புண் மூடிவிட்டதாம், விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஊர் சிரித்ததா என்று கேட்டேன்.

"சிரிச்சாகப்பா. அஞ்சு விரலையும் ஊனி, செருப்போட நின்னு கேட்டுக்கிட்டேன்."