வள்ளிக்கண்ணு சொன்ன பெயர்

வள்ளிக்கண்ணு தன் புருஷன் பெயரைச் சொன்ன அன்றைக்கு மலைக்கோட்டை உச்சியில் மணி தானாக அடித்தது. தெப்பக்குளத்து மீன்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. சரி, மணி அடிக்கவில்லை. மீனும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது மெய். ஆயுசில் ஒரே தடவை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அங்கே பிழைக்கப் போன மருங்காபுரிக்காரர் வீரமலை அவளைக் கட்டிக்கொண்டு ஐம்பத்தெட்டில் பாலக்கரைக்கு வந்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவள் இங்கே தங்குவதற்கான அனுமதி தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் இந்தியப் பிரஜையாகப் பதியாவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து வீரமலை சயரோகம் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். படுத்தவரை விட்டு எங்கே போவாள்?

மனு எழுதும் பாக்கியநாதனிடம் என்ன செலவாகும் என்று கேட்டாள். கஜானாவில் சலான், முத்திரைத்தாள், போட்டோ, தன் எழுத்துக்கூலி என்று அவர் விரல் மடக்கினார்.

"நாலு வாய்க்கும் தனித்தனியா சோறு போடணுங்களா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அவள் காதுத்தோடு அடகுக்கடைக்குப் போயிற்று.

அடுத்து, கணவர் பெயர் என்ன என்றார். வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்தாள். பிறகு இல்லாத மீசையை முறுக்கிக் காட்டி, மலைக்கோட்டையை நோக்கிக் கையை நீட்டினாள். மீசை என்றதும் பாக்கியநாதனுக்குக் கருப்புசாமிதான் நினைவுக்கு வந்தார். 'கருப்பமலை' என்று எழுதினார். எழுத்துத் தெரியாதவள் கைநாட்டு வைத்தாள். மருங்காபுரி முன்சீப் கொடுத்த சான்று பிறகு வந்தபோது அதில் வீரமலை என்றிருந்தது. மனு திரும்பி வந்தது.

மறுபடியும் சலான், முத்திரைத்தாள். இந்தத் தடவை தாலிக்கயிற்றிலிருந்த இரண்டு தங்கக் குண்டுகள் போயின. அடுத்த வீட்டுச் செல்வமேரியை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு, பாக்கியநாதனோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். அங்கே சத்தியம் செய்து கணவர் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அதைத் தானே சொல்லிவிடுவதாகப் பாக்கியநாதன் கெஞ்சிப் பார்த்தார்.

"நீங்க சொன்னா அது உங்க சத்தியம்யா. அந்தம்மா வாயால வரணும்," என்றார் அதிகாரி.

மூன்று தரம் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாலாவது தரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு "வீரமலை" என்றாள். சொன்ன வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

தைக்குள் பதிவாகி, மாசியில் சான்றிதழ் கைக்கு வந்தது, கணவர் பெயரில் ஒரு பிழையும் இல்லாமல். பிரஜையாக என்ன செலவாயிற்று என்று யாராவது கேட்டால், "தோடு, ரெண்டு குண்டு, அப்புறம் அவங்க" என்பாள். பெயரைச் சொன்ன வாய்தான் ஆயுசைக் குடித்தது என்று பாலக்கரையும் சொல்லிற்று.

நான் எழுதியதை இதுவரை வாசித்துக் காட்டியதும் செல்வமேரி குறுக்கே வந்தாள்.

"அது தப்புங்கம்மா. அவர் கண்ணை மூடினப்ப ஆஸ்பத்திரி கடிகாரத்துல பத்தரை. ஆபீசுல இவளைக் கூப்பிட்டதே பன்னெண்டு மணிக்கு மேலதான். நானும் வருஷக்கணக்கா அவகிட்ட சொல்லிப் பாத்தேன். 'அப்ப நான் யாரைக் கூப்பிட்டேன்?'னு கேட்டு அழுவா."