சுண்ணாம்புக் குழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கிணறு

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசிக் கடைசியில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கி வந்தேன். முத்துக் குளிப்பதைப் பார்க்கவா என்று காலேஜில் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க என்றதும் சிரித்தார்கள். நான் பாளையங்கோட்டையில் ரசாயனப் பாடம் நடத்துகிறவள். எனக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

அழைத்தவள் சந்தனமேரி. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், இப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. கொழும்புக்குப் போகும் தோணிக்காரர்கள்கூட அதில்தான் பீப்பாய் நிரப்புவார்கள். மேற்கே அரை மைலில் ஒரு சுண்ணாம்புக்கல் குழி. அதை ஆழப்படுத்தி, ஊறும் தண்ணீரை நீராவிப் பம்ப் வைத்து இறைக்கத் தொடங்கிய பிறகு கிணறு உப்புக் கரிக்கிறது என்று எழுதியிருந்தாள். பெண்கள் மூன்று மைல் நடந்து வேறு கிணற்றில் எடுக்கிறார்கள். இப்படியே போனால் ஊரையே காலி செய்ய வேண்டியதுதான் என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறி, மணியாச்சியில் மாறி, பத்து மணிக்குத் தூத்துக்குடியில் இறங்கினேன். முப்பத்தாறு மைல், மூன்றாம் வகுப்பில் பன்னிரண்டு அணா. வைக்கோல் சுற்றிய மருந்துப் புட்டிகள் இருந்த மரப்பெட்டியை வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே இருப்பது பட்டால் விரல் கறுத்துப்போகும் என்றேன். உடனே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷன் வாசலில் மாட்டுவண்டி பேசிக்கொண்டேன். ஏழு மைல், ஒன்றரை ரூபாய், இரண்டரை மணி நேரம். வண்டிக்காரர் மாடசாமி அண்ணாச்சி ஒரு குடம் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டார். யாருக்கு என்று கேட்டேன்.

"மாட்டுக்குத்தான், டீச்சர். அந்தக் கெணத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிடுது."

எனக்கு முன்னால் அவருடைய மாடு பரிசோதனையை முடித்துவிட்டது.

மூன்று மணிக்குக் கிணற்றடியில் நின்றபோது பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸில் குறித்த அளவு தண்ணீர் எடுத்து, அதை மஞ்சளாக்கும் மருந்தைக் கொஞ்சம் விட்டு, பிறகு வெள்ளி கலந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மஞ்சள் மாறி, செங்கல் நிறம் கலையாமல் நிற்கும்போது நிறுத்தவேண்டும். உப்பு கூடக்கூடச் சொட்டும் கூடும். பத்தொன்பது சொட்டு பிடித்தது. மூன்று மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து பெண்கள் கொண்டுவந்த தண்ணீருக்கு ஐந்துதான்.

ஆறு மணிக்குப் பம்ப் நின்றது. மறுநாள் ஞாயிறு, பூசை நாள், குழியில் வேலை கிடையாது. எனக்கு அது அதிர்ஷ்டம். கடல் ஏறியிருந்தபோது ஒரு தடவை, வற்றியிருந்தபோது ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் பதினேழு. திங்கள் காலை ஆறு மணிக்கு, பம்ப் ஓடுவதற்கு முன்னால், பதின்மூன்று. கடல் ஏறி இறங்குவதால் அல்ல, பம்ப் நின்றதால்தான் உப்பு குறைந்திருக்கிறது.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் குழி மேனேஜரைப் பார்க்கப் போனோம். ஐம்பது வயதுக்காரர், மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். கடலோரக் கிணறு கரிக்கத்தான் செய்யும், ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். சித்திரைக்குள் இன்னும் மூன்றடி தோண்டிக் கல் எடுத்துத் தருவதாக, கல் வாங்குகிறவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வந்தது வீண் என்றே எனக்குத் தோன்றியது.

பம்பைக் கவனித்துக்கொள்ளும் பிட்டர் வாசலில் நின்றிருந்தார்; அவர் அப்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணியில என்னமோ இருக்கு சார். பாய்லர்ல பொருக்குப் பொருக்காப் பிடிக்கு. வாரம் ரெண்டு தடவ சுரண்டுதேன்."

பாய்லருக்குக் குழித் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். குழியின் அடியிலிருந்து ஒரு புட்டி கொண்டுவரச் சொல்லி, மேனேஜர் மேசையிலேயே சோதித்தேன். ஐம்பது சொட்டைத் தாண்டியும் மஞ்சள் மாறவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"இது கடல். அடிப்பாறை வழியாக உங்கள் குழிக்குள் வந்துவிட்டது. இன்னும் மூன்றடி இறங்கினால் நீங்கள் கடலைத்தான் இறைத்துக்கொண்டிருப்பீர்கள்" என்றேன்.

அவர் புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஜன்னலருகே போய்க் குழியை எட்டிப் பார்த்தார்.

"அப்பம் ஆழம் வேண்டாம். பக்கவாட்டுல வெட்டுவோம்" என்றார்.

மற்றதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பேசி முடிந்தது. பம்பைப் பதினைந்து நாள் நிறுத்தி, அடிக்குழியைக் கழிவுக் கல்லும் களிமண்ணும் போட்டு மூடுவது. அப்புறம் அரை நாள் மட்டும் இறைப்பது. சனிக்கிழமைதோறும் சந்தனமேரி கிணற்றைச் சோதிப்பது. பத்துச் சொட்டுக்கு மேல் போனால் பம்ப் நிற்கும். மேனேஜரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் வரை சந்தனமேரிக்குச் சொட்டு விடக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது தடவையிலேயே என்னைவிட நிதானமாக விட்டாள். வண்டியில் திரும்பும்போது உப்பளங்களில் வெயில் கண்ணைக் கூச வைத்தது, ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கிறீர்களோ அந்தத் தண்ணீராலேயே புட்டியை மூன்று முறை அலசுங்கள். வெள்ளி மருந்தைப் பழுப்புப் புட்டியில் வெயில் படாமல் வையுங்கள். ஒரே ஒரு தடவை எடுத்த தண்ணீரை வைத்து யாரிடமும் வாதாடாதீர்கள். முக்கியமாக, மருந்தையும் கணக்கையும் அந்த ஊரிலேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். நாம் மூன்று நாளில் கிளம்பிவிடுவோம், குழி அங்கேயேதான் இருக்கும்.

சித்திரையில் ஒன்பது சொட்டு, வைகாசியில் ஏழு என்று கடிதம் வந்தது. ஆனியில் வந்தது ஒரு கார்டு, இரண்டே வரி: "இந்தச் சனிக்கிழமை பன்னெண்டு. நானே போய்ப் பம்ப நிறுத்தச் சொன்னேன், நிறுத்திட்டாவ."