மழையோடு கோபித்துக்கொண்டு போனவர்கள்

மழையோடு கோபித்துக்கொண்டு போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நினைத்தவுடன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. முதலில் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து, எல்லையில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்ன வேண்டும். பிறகு, மழை பெய்யாத ஊரில் இனி எங்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒப்பாரி வைத்தபடி ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். எல்லையைத் தாண்டுவதற்குள் ஓர் ஆண்பிள்ளை வந்து, "மழை வருது, திரும்பி வாங்க" என்று கூப்பிட வேண்டும். பெண்கள் பசியோடு போகிறார்களே என்று வானத்துக்கு வெட்கமாகி மழை கொட்டும். இதற்கு மழைச்சோறு எடுப்பது என்று பெயர். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் நினைவு தெரிந்து ஒரே ஒரு முறைதான் எடுத்தார்கள். அந்த ஒரு முறையிலும் என் அப்பா முறையைக் கெடுத்தார்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஐப்பசியில் தொடங்க வேண்டிய மழை கார்த்திகையிலும் வரவில்லை. மார்கழி பிறந்தும் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. மலையிலிருந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பீலி முதலில் நூலாக ஒழுகி, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. தேயிலை கொழுந்து விடவில்லை. கொழுந்து இல்லாவிட்டால் வேலையும் இல்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேரைக் கங்காணி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். வேலை குறைந்தால் அரிசியும் குறையும். எங்கள் வீட்டில் காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, மாலையில் ரொட்டி கேட்டால் ஏச்சு என்று ஆகிவிட்டது.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். தை பிறந்ததும் ஊருக்குப் போய்விடுவது. ஊர் என்றால் கடலுக்கு அந்தப்பக்கம், துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியப்பா மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே மழை பொய்த்துப் பஞ்சம் வந்துதான் குடும்பம் கப்பலேறி இங்கே வந்ததாம். மழையில்லை என்று அங்கிருந்து வந்தவர், மழையில்லை என்று அங்கேயே திரும்பப் பார்த்தார். இதை அவரிடம் சொல்லிக்காட்டுகிற தைரியம் எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பிக்கு மட்டும்தான் இருந்தது. மாமா சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விடுவார்.

அம்மா பிறந்தது இதே லயத்தில், எங்கள் அறைக்கு நாலு காம்பரா தள்ளி. பதுளைக்கும் ஹாலிஎலைக்கும் அப்பால் அவள் உலகத்தைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. "அது ஒங்க ஊரு. என் ஊரு இந்தா இருக்கு" என்று தரையைக் காட்டுவாள். இந்தியாவுக்குப் போனால் அரசாங்கம் திரும்பி வர விடாது என்று தோட்டத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அம்மா முதலில் சண்டை போட்டாள். அப்புறம் அழுதாள். அப்புறம் பேசுவதை நிறுத்தினாள். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூட்டை கட்டத் தொடங்கினார். எனக்கோ ஊர் என்பது வெலிமடைச் சந்தை மாதிரி ஓர் இடம். காலையில் போய் வளையல் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது. வரப்போவதாகச் செய்தி வந்தது என்று சொல்ல வேண்டும். மாமா தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வீட்டில் விறகு பிளந்து கொடுப்பார். கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் துரை பங்களாவுக்கு அடுத்தபடியாக ரேடியோ இருந்தது அவர் வீட்டில்தான். ஒருநாள் மாமா கோடாலியைக்கூட வைக்காமல் மேடேறி ஓடிவந்தார்.

"அக்கா! புயல் வருதாம்க்கா!"

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது போல அதைச் சொன்னார். ரேடியோவில் கிழக்குக் கரைச் சனங்களை எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார்களாம். எங்கள் லயத்தில் வாசலுக்குச் சாணி தெளித்தார்கள். அதன் பிறகு மாமாவுக்கு விறகு பிளப்பதைவிடப் புயலின் சுகம் விசாரிப்பதே வேலையாகிவிட்டது. "கடல்ல கெளம்பிருச்சாம்." "வேகம் கொறஞ்சிருச்சாம்." "இந்தியாப் பக்கம் திரும்பினாலும் திரும்புமாம்." கடைசியில் சொன்னதைக் கேட்டு அம்மா மட்டும் முகம் வெளுத்தாள்.

மழைச்சோறு எடுக்கலாம் என்று சொன்னவளும் அம்மாதான். எல்லாருக்கும் ஆச்சரியம். மாரியம்மன் கோயிலுக்கே ஆள் விட்டுக் கூப்பிட்டால்தான் வருகிறவள் அவள்.

"பொயலு வாசல்ல வந்து நிக்குது. உள்ள வான்னு சொல்ல வேணாமா?" என்றாள்.

வேலையில்லாத ஒரு நாளில் புறப்பட்டார்கள். நான் அந்த வயதிலேயே சட்டம் பேசுகிறவள். முறை என்ன, யார் முன்னால் போக வேண்டும், கூப்பிடுகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று லயத்து மூத்த பெண்களைத் துளைத்து எடுத்துத் தெரிந்துவைத்திருந்தேன். சோறு வாங்கப் போனபோது யாராவது உப்புப் போட்டுவிட்டார்களா என்று தொட்டு நக்கிப் பார்க்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன்.

கிளாக்கர் ஐயா வீட்டிலும் கேட்டோம். அவருடைய சம்சாரத்துக்கு இந்த வழக்கம் புதிது. பின்வாசலில் வைத்து அம்மா விளக்கிச் சொல்ல, ஒரு கோப்பை நிறையச் சோறு கொண்டுவந்தார். ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு மழை வேணும், எனக்கு விளங்குது. என்ரை தங்கச்சி முல்லைத்தீவிலை கடற்கரையோடை இருக்கிறாள். சின்னப் பிள்ளையள். நான் என்னெண்டு கும்பிடுறது?" அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "காத்து கடல்லயே நிக்கட்டும், தண்ணி மட்டும் இங்கிட்டு வரட்டும்னு கும்பிடுங்கம்மா. நானும் அப்பிடியே கும்பிட்டுக்கிறேன்" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டுச் சோற்றைக் கொட்டினார். உப்பு இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

பதுளைக்குப் போகிற ரோட்டில் ஒரு பாலம்தான் எங்கள் தோட்டத்துக்கு எல்லை. அதற்கு இப்பால் உட்கார்ந்து சோற்றைத் தின்றார்கள். உப்பில்லாத சோற்றை அழுதுகொண்டு தின்னச் சொன்னால் யாருக்கும் கஷ்டமில்லை. பிறகு ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். மற்றவர்களுடைய மூட்டைகளில் மானாப்புல்லும் பழஞ்சாக்கும்தான் இருந்தன. அம்மா மட்டும், வேறு கட்ட நேரமில்லை என்று சொல்லி, ஊருக்குப் போவதற்காக அப்பா கட்டிவைத்திருந்த மூட்டையையே எடுத்து வந்திருந்தாள்.

ஒப்பாரி தொடங்கியது. என் அம்மாவுக்குப் பாட வராது. அவள் தாலாட்டினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துகொள்ளும். அப்படிப்பட்டவள் அன்று வைத்த ஒப்பாரியில் மற்றப் பெண்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறந்த மண்ணை விட்டுப் போகிறேனே, பேர் தெரியாத ஊருக்குப் போகிறேனே என்று அவள் இழுத்து இழுத்து அழ, கங்காணி வீட்டம்மாவே மூக்கைச் சிந்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், "எங்கம்மாதான்" என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது பார்த்து வளைவில் துரையின் ஜீப் வந்தது. உள்ளே கிளாக்கர் ஐயாவும் இருந்தார். வெள்ளைக்காரத் துரை வந்து அதிக நாளாகவில்லை. மூட்டைகளோடு தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் பாலத்தை நோக்கி அழுதுகொண்டு போவதைக் கண்டவுடன் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன பாடுகிறார்கள் என்று கேட்டார். கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்காரிக்குத் தெரிந்தது கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியாது. அவர் காதில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டார்: இந்தத் தோட்டத்தில் இனிப் பிழைக்க முடியாது, எல்லாரும் போகிறார்களாம்.

துரை ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்து, பாலத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறது நீ? போக வேணாம்! எல்லா ஆளுக்கும் நாளைக்கி வேல குடுக்கிறது! திரும்பிப் போ!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி வந்து கூப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. துரையே வந்து கூப்பிட்டால் அதைவிட நல்ல சகுனம் வேறு ஏது? முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு எல்லாரும் திரும்பினார்கள். மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் எடுத்துச் சொன்னேன். "தொரைக்கு அவ்வளவுதான் தமிழு" என்று ஒருத்தி என் வாயை அடைத்தாள்.

அம்மா திரும்பவில்லை. மூட்டையைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, பதுளைப் பக்கம் பார்த்து நின்றுகொண்டாள். கங்காணி கூப்பிட்டார். கிளாக்கர் ஐயா கூப்பிட்டார். "எங்க வீட்டு ஆம்பள வரட்டும்" என்றாள். இவ்வளவு சுத்தமாக முறை பார்க்கிறாளே என்று பெண்கள் மெச்சினார்கள். வேடிக்கை பார்த்து நின்ற மாமா லயத்துக்கு ஓடினார்.

அப்பா வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்து, தேயிலைக் கிளை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அவர். வெட்டுவதற்குத் தோட்டத்தில் ஒரு பச்சைக் கிளை இல்லை. ஆனாலும் தீட்டினார். அந்தக் கத்தியைக் கையில் வைத்தபடியே வந்து சேர்ந்தார். துரை இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என்ன புள்ள இது? எல்லாரும் பாக்குறாங்க."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "கூப்புடுறதுன்னா கூப்புடுங்க. இல்லாட்டி நான் இப்பிடியே நிக்கிறேன்."

அப்பா வானத்தைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அது தன்னுடைய மூட்டை என்று அப்போதுதான் கண்டுகொண்டார் போல. நான் அவர் பக்கத்தில் போய் வேட்டியை இழுத்து, "மழ வருது, திரும்பி வாங்கன்னு சொல்லுங்கப்பா" என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை.

"எங்கயும் போகல. வா" என்றார்.

சொல்லிவிட்டுக் கத்தியை மாமாவிடம் கொடுத்தார். மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து உப்புப் பார்த்து, வரிசை பார்த்து எல்லாம் சரியாக நடத்திக்கொண்டு வந்தால், கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல் இந்த மனிதர் கெடுத்துவிட்டாரே!

"அப்பா தப்பாச் சொல்லிட்டாரும்மா. இனி மழ வராது" என்றேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு சரியாத்தான் சொன்னாரு. வாய மூடிக்கிட்டு நட" என்றாள். போகிற வழியெல்லாம் அப்பாவை ஏசிக்கொண்டே போனாள். கோழிக் கூட்டை மூடாமல் வந்ததற்கு, அடுப்பை அணைக்காமல் வந்ததற்கு, இத்தனை நாள் தான் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து ஏசினாள். அப்பா மூட்டைக்கு அடியிலிருந்து உம் கொட்டிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் நிற்கும்போதே கிழக்கே மலை மழைமேகத்தில் மறைந்தது. புயல் கரையேறிக் களைத்துப்போய்த்தான் எங்களிடம் வந்தது. காற்று இரண்டு லயத்துத் தகரத்தைக் கழற்றியது. ரோட்டில் மண் சரிந்தது. எங்கள் காம்பராவில் ஒழுகாத மூலை இல்லை. அப்பா கூரைமேல் ஏறிக் கல் வைத்தார், கீழே நின்று எங்கே வைக்க வேண்டும் என்று அம்மா கத்தினாள், இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் வீடு ஒழுகி நான் பார்த்ததில்லை. முல்லைத்தீவிலிருந்து தந்தி வர நாளாயிற்று. கூரை போயிற்று, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. கிளாக்கர் ஐயாவின் சம்சாரம் அம்மாவைக் கூப்பிட்டுக் கை நிறையப் பனங்கட்டி கொடுத்தார்.

மழையை யார் கொண்டுவந்தது என்பதில் தோட்டத்தில் ஒற்றுமை இல்லை. மழைச்சோறு என்றார்கள் பெண்கள். முதலில் செய்தி கொண்டுவந்தது யார் என்று கேட்டார் மாமா. துரைக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை. ஒரு பெரிய வேலைநிறுத்தத்தைத் தனியாளாகத் தடுத்துவிட்டதாகப் பக்கத்துத் தோட்டத்துத் துரைகளிடம் சொல்லிக்கொண்டாராம். அப்பா அவ்வளவு தப்பாகச் சொல்லியும் வந்ததே, அதுதான் அதிசயம் என்று நான் சொல்லிவந்தேன். தை பிறந்தது. தேயிலை துளிர்த்துக் கொழுந்து கூடை கொள்ளாமல் வந்தது. ஊருக்குப் போகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வளையல் போயிற்றே என்று எனக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

அடுத்த வெயில் காலத்தில் நாங்கள் பிள்ளைகள் லயத்து வாசலில் மழைச்சோறு விளையாடினோம். நான்தான் நடத்துகிறவள். பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவனை ஆண்பிள்ளையாக நிறுத்தி, "மழை வருது, திரும்பி வாங்க" என்று பிழையில்லாமல் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை நிறுத்தினாள்.

"அப்பிடியில்ல. 'எங்கயும் போகல, வா'ன்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

முறை மாறிவிட்டது போலிருக்கிறது, என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம். ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று, அந்தப் பையனை மறுபடியும் முதலிலிருந்து பழக்கத் தொடங்கினேன்.