தர்ஷினியின் தட்டிலிருந்து எடுத்தவை

போன திங்கட்கிழமை, பாண்டிச்சேரியில் ஒரு குழந்தைகள் கிளினிக். எடை மெஷினில் ஏறிய தர்ஷினியை இறங்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஏறச் சொன்னார் நர்ஸ். எண் மாறவில்லை. ஆடியில் இருந்ததைவிடக் குறைவு!

அவள் அம்மா செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. மரக்காணத்தில் எங்கள் எதிர்வீடு; உப்பளத்தில் கூலி வேலை. நான்தான் காரில் அழைத்துப் போயிருந்தேன்.

ஒன்பது வயது தர்ஷினி அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலி என்று சுருண்டுவிடுவாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்... எல்லாம் நார்மல். நார்மல் என்றால் விட்டுவிட முடிகிறதா? வந்தவர் போனவரெல்லாம் ஏதாவதொன்றைக் குற்றவாளி ஆக்கினார்கள். ஆடியில் பால் நின்றது. ஆவணியில் பருப்பு, முட்டை. புரட்டாசியில் மீன் — அது தெருவுக்கே நின்றது. ஐப்பசி பிறந்து எல்லார் வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தபோது, இவளுக்கு மட்டும் புரட்டாசி முடியவில்லை. கடைசியில் பத்தியம் என்று உப்பையும் நிறுத்தினார்கள். உப்பளத்துக்காரர் வீட்டில்!

மழைக்கு உப்பள வேலை நின்றதால், செல்வி நாள் முழுக்க வீட்டில். மூச்சுக்கு மூச்சு, "வலிக்குதா?"

"என்னம்மா குடுக்குறீங்க?" என்றார் டாக்டர்.

"கஞ்சிதாங்க மேடம். வேற எதுனா குடுத்தா வலி வந்துடுமோன்னு... எங்க வூட்டுக்காரரு நடிக்கிறாங்குறாரு."

"நடிக்கல. நோய் இல்ல, ஆனா வலி நிஜம். அவ குடல் சாதாரண அசைவையே வலியா உணருது. அதுக்காக எல்லாத்தையும் நிறுத்துவீங்களா? சந்தேகம்னா ஒண்ண மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கணும். வித்தியாசம் இல்லன்னா திருப்பிக் குடுத்துடணும். வேளைக்குச் சாப்பாடு முக்கியம். அப்புறம், வலிக்குதான்னு கேட்டுட்டே இருக்காதீங்க. அடுத்த தடவ எடை ஏறலன்னா அட்மிட் பண்ணித்தான் பாக்கணும்."

மறுநாள் மதியம். சோறு, மீன் குழம்பு — உப்போடு. செல்வி, அவர் கணவர் முருகன், நான்... மூன்று பேர் கண்ணும் ஒரு சின்ன வாய்மேல்.

இரண்டு வாய் உள்ளே போனது. அப்புறம் அவள் இடது கை வயிற்றுக்குப் போனது.

"வலிக்குதும்மா."

செல்வியின் கை தட்டை நோக்கி நீண்டது. இதுவரை அப்படித்தான், வலி என்றால் தட்டு போய்விடும். கை பாதியில் நின்றது.

"சரி கண்ணு... மெதுவா சாப்புடு. அம்மா இங்கதான் இருக்கேன்."

தர்ஷினி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் தட்டை எடுக்கவில்லை. குனிந்து, மீனில் முள் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வாய். இன்னொரு வாய்.

முருகனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "பாப்பா, இன்னும் வலிக்கு..."

"ப்பா! அத கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள் தர்ஷினி, வாய் நிறையச் சோற்றோடு.