புது மிஷினில் வராத எழுத்து

காலை ஒன்பது நாற்பது. அரியலூரில் எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, புதுக் கணினித் திரையின் மேல் விளிம்பில் வைத்திருந்த சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். கொஞ்சம் உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அடுத்துத் தெரிந்தவர் திருச்சியிலிருந்து வந்திருந்த மென்பொருள் விற்பனையாளர். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அது 2006. அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டிருந்த காலம். நான் பெரம்பலூரில் குடியிருந்து, தினமும் பஸ்ஸில் அரியலூர் வந்து போனேன். பத்திரிகையின் தட்டச்சும் பிழை திருத்தமும் என் வேலை. இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர் பழகி ஹையர் கிரேடு தேர்வு முடித்தவள். கணினிக்கு மாறிய பிறகும் அதே விசை வரிசையில்தான் அடித்தேன்.

அந்த வருஷம் திருச்சியில் டிடிபி கடைகளில் காப்பியடித்த மென்பொருளுக்குச் சோதனை நடப்பதாகப் பேச்சு வந்தது. எங்களிடம் இருந்தது முழுவதும் காப்பி. முதலாளிக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, விண்டோஸுக்குப் பதிலாக யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ். மற்றொன்று, திருச்சிக்காரரின் மென்பொருள். அதோடு பக்கம் கட்டவும் தட்டச்சு செய்யவும் தெரிந்த ஆளையும் அவரே அனுப்புவார். லினக்ஸில் எங்கள் பக்கங்களை ஓட்டிப் பார்த்தோம், ஓடின. ஆனால் எங்களுக்குக் கிடைத்த லினக்ஸில் என் விசை வரிசை இல்லை.

"உன் கீபோர்டு அதுல வந்தா நீ இரும்மா. வரலன்னா அவங்க ஆளு வரட்டும். மிஷினுக்கு மிஷின் நீ உக்காந்து காப்பி பண்ணிட்டு இருக்கக் கூடாது. போட்டா ஏறிக்கணும்" என்றார் முதலாளி.

போட்டால் ஏறிக்கொள்ள வேண்டுமென்றால் அது பேக்கேஜாக இருக்க வேண்டும். என் விசை வரிசையை எழுதிய வெறும் கோப்புகள் போதாது. எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், அது வேலை செய்ய இன்னும் என்னென்ன வேண்டும், யார் பொறுப்பு என்பதெல்லாம் கூடவே எழுதிக் கட்ட வேண்டும். வேப்பந்தட்டைக்கும் பூலாம்பாடிக்கும் பஸ்ஸில் ஏற்றிவிடும் பத்திரிகைக் கட்டு மாதிரிதான். சீட்டு சரியில்லாத கட்டு ஏஜெண்டுக்குப் போய்ச் சேராது.

பெரம்பலூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். சோதனைக்குப் பயந்து எல்லா மிஷினையும் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு நான் பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு மிஷினை எனக்கு விட்டார். பேக்கேஜ் கட்டும் விதிகள் ஆங்கிலத்தில் பல பக்கங்கள். அச்செடுத்து பஸ்ஸில் படித்தேன். ஆலத்தியூர்ப் பக்கம் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியில் காகிதம் நரநரத்தது.

விதிகள் கறாரானவை. விளக்கத்தின் இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். மாற்றக் குறிப்பில் தேதிக்கு முன்னால் இரண்டு இடைவெளி. ஒன்று குறைந்தால் ஏற்காது. பிழை பார்க்கவே தனியாக ஒரு நிரல் உண்டு. வருஷக்கணக்கில் மற்றவர்கள் பிழையைத் திருத்திய எனக்கு, என் பிழையை இன்னொன்று வரி எண்ணோடு சொன்னது சங்கடமாக இல்லை. அது நாலு பேரை வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

கட்டியதை வேறு மிஷின்களில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. சென்டரில் இருந்த எல்லாவற்றிலும் போட்டோம். அரியலூரில் அவர் பார்த்துக்கொள்ளும் இரண்டு கடைகளிலும், எங்கள் அலுவலகத்தின் பழைய மிஷினிலும் போட்டோம். எல்லாவற்றிலும் ஏறியது. 'க' அடித்தால் 'க' வந்தது.

"அக்கா, இனிமே கலெக்டர் ஆபீஸ்ல போட்டாலும் ஓடும்" என்றார் அவர்.

"ஓடட்டும். உங்க வாய் பட்டு நிக்காம இருந்தா சரி."

"நின்னா இங்கயே வந்துடுங்க. பயோடேட்டா அடிச்சே காலத்த ஓட்டிரலாம்."

"அந்தப் பொழப்புக்கு இதெல்லாம் எதுக்குப் படிச்சேன்?"

பொட்டு வைத்த மிஷினுக்கு வருகிறேன். முந்தின நாள் நல்ல நேரம் பார்த்து, மிஷின் விற்ற கடைக்காரர் லினக்ஸை சிடியிலிருந்து புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். முதலாளி, விற்பனையாளர் இருவரும் பின்னால் நிற்க, என் பேக்கேஜைப் போட்டேன். முடிந்தது என்று வந்தது. பிழை எதுவும் காட்டவில்லை. விசையைத் தட்டினேன். ஆங்கில எழுத்து வந்தது. மறுபடி தட்டினேன். ஆங்கிலம்தான்.

"என்னம்மா, இந்த வாரம் இங்கிலீஷ் பேப்பரா?" என்றார் முதலாளி. விற்பனையாளர் சிரிக்கவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ஓசியில வர்றதுக்கு யாருங்க சார் பொறுப்பு?" என்றார்.

பேக்கேஜில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

காரணம் அரைமணி நேரத்தில் பிடிபட்டது. விசை வரிசையை எழுத்தாக மாற்ற ஒரு துணை நிரல் வேண்டும். புது மிஷினில் அது இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. சென்டர்காரர் ஒரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ சிடியிலிருந்து அதை ஒரு மிஷினில் கையால் போட்டிருக்கிறார். பிறகு அந்த மிஷினின் ஹார்டு டிஸ்கைத்தான் துண்டில் சுற்றி, பஸ்ஸில் எடுத்துப் போய், கடை கடையாகக் காப்பி எடுத்திருக்கிறார். எங்கள் அலுவலகப் பழைய மிஷினின் லினக்ஸும் அப்படி வந்ததுதான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வேலை சீக்கிரம் முடியும். வேறு வேறு மிஷின் என்று நாங்கள் நினைத்து அலைந்ததெல்லாம் ஒரே டிஸ்கின் நகல்கள். எதுவும் கூடுதலாகப் போடாத ஒரு மிஷினில் சோதிக்கச் சொன்னது விதி. அப்படி ஒன்று இரண்டு ஊரிலும் எங்கள் கைக்கு எட்டியதில்லை.

அலுவலகத்தில் இணையம் கிடையாது. எதிர்ப்பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து சென்டர்காரரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அந்த சிடி வூட்ல இருக்கு. எடுத்துக்கிட்டு அடுத்த பஸ் ஏறுறேங்க்கா" என்றார்.

மதியம் வந்து சேர்ந்தார். சிடியைப் போட்டு, துணை நிரலை ஏற்றினோம். 'க' வந்தது. அந்த வாரத் தலைப்புச் செய்தியை, கரும்பு வெட்டுக்கு சர்க்கரை ஆலையின் உத்தரவு கிடைக்காத விவசாயிகள் பற்றியது, முழுவதும் அடித்து முடித்தேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

முதலாளி விற்பனையாளரோடு சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தார். இரண்டு பத்தி படித்தார்.

"வருதே" என்றார்.

"வருதுங்க சார். காலையில இது ஒண்ணுதான் இல்ல" என்றார் சென்டர்காரர்.

"சரிப்பா. ஆனா பேசி முடிச்சாச்சு. திங்கக்கிழமை ஆளு வந்துடுவான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்மேல தப்பு சொல்லலம்மா. ரெண்டு நாள் கூட இருந்து, நம்ம பக்கமெல்லாம் எப்படி வரும்னு அவனுக்குக் காட்டிட்டுப் போ."

காட்டினேன். மரண அறிவிப்புக்குக் கட்டம் எவ்வளவு தடிமன், எந்த ஊர் நிருபர் எந்த எழுத்தை எப்போதும் தப்பாக எழுதுவார் என்பதெல்லாம் சொன்னேன். வந்த பையன் மரியாதையானவன். நான் கிளம்பும்போது எழுந்து நின்றான். முதலாளி தொலைபேசியில் இருந்தார். கையை மட்டும் தூக்கினார்.

அந்த வாரமே சென்டரில் உட்கார்ந்து, பேக்கேஜில் துணை நிரலின் பெயரைத் தேவைகள் பட்டியலில் சேர்த்தேன். ஒரு வரி. லினக்ஸ் குழுவுக்குத் திருத்தி அனுப்பியதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் இன்னும் மூன்று பிழைகள் சொன்னார், அவற்றையும் சரிசெய்தேன். சில மாதங்களில் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸின் பொதுக் களஞ்சியத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மிஷினில் தமிழ் கிடையாது.